நடுவர் நாற்காலியில் ஒரு ரசிகர்

2014 பிப்ரவரி 20 அன்று சோச்சியில் கிம் யுனாவின் தங்கம் கொள்ளை போனது. இந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. கிம்மின் ‘அடியோஸ் நோனினோ’ ஆட்டத்தை யார் எப்போது யூட்யூபில் ஏற்றினாலும், கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும் முதல் கமெண்ட்டுகளில் ஒன்று இதுவாக இருக்கும். போட்டி முடிந்த கையோடு விசாரணை கேட்டு இணையத்தில் தொடங்கப்பட்ட மனுவில் இருபது லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாண்டுகள் கடந்தும் அந்தச் சூடு ஆறவில்லை.

எனக்கு அந்த இருபது லட்சம் பேரோடு ஒரு சண்டை இருக்கிறது. ‘ஜெயித்தது எங்க பொண்ணு, வாயை மூடுங்க’ என்று பதில் சொன்ன ரஷ்ய ரசிகர்களோடும் அதே சண்டை இருக்கிறது. இந்த விளையாட்டில் எனக்கென்று ஒரு கொடி கிடையாது. அதனாலேயே இரண்டு பக்கமும் என்னை எதிரணி ஆளாகப் பார்த்திருக்கிறார்கள். பரவாயில்லை.

என் கட்சி இதுதான். நடுவர் மேசையில் உட்கார்ந்து தன் நாட்டுப் பிள்ளைக்கு ஒரு புள்ளியைக் கூட்டிப் போடுகிறவரும், வீட்டில் உட்கார்ந்து ‘நம்ம பொண்ணை ஏமாத்திட்டாங்க’ என்று கொதிக்கிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒருவருக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. ஃபிகர் ஸ்கேட்டிங்கின் தீர்ப்புகளைக் கெடுத்து வைத்திருப்பதே தேசப்பெருமைதான். அதற்கு மருந்தாக இன்னும் நாலு கரண்டி தேசப்பெருமையைக் கொண்டுவந்து ஊற்றாதீர்கள்.

*

முதலில் மதிப்பெண் தாளைப் பார்த்துவிடுவோம். கொள்ளை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது என் அனுபவம்.

பெண்கள் தனிநபர் போட்டியில் இரண்டு ஆட்டங்கள். முதல் நாள் ஷார்ட் ப்ரோகிராம்: கிம் 74.92, ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 74.64, இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னர் 74.12. மூவருக்கும் இடையில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்: சோட்னிகோவா 149.95, கிம் 144.19. மொத்தத்தில் 224.59க்கு 219.11. வித்தியாசம் 5.48.

ஃப்ரீ ஸ்கேட்டின் மதிப்பெண்ணுக்கு இரண்டு பாதிகள் உண்டு. தாவல், சுழற்சி, காலடி வரிசை ஆகியவற்றுக்குத் தொழில்நுட்பப் புள்ளி. ஆட்டத்தின் மொத்தத் தரம், இசையோடான இசைவு, நடன அமைப்பு ஆகியவற்றுக்கு காம்பொனென்ட் புள்ளி. காம்பொனென்ட்டில் கிம் 74.50, சோட்னிகோவா 74.41. ஏறக்குறைய சமம். தொழில்நுட்பத்தில் சோட்னிகோவா 75.54, கிம் 69.69. ஆக, மோதல் முழுவதும் தொழில்நுட்பப் பக்கத்தில்தான் தீர்ந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு அம்சத்துக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த அடிப்படை மதிப்பு உண்டு. அதன் மேல், எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். சோட்னிகோவாவின் அடிப்படை மதிப்பு 61.43, கிம்முக்கு 57.49. சோட்னிகோவா ஏழு ட்ரிப்பிள் தாவல்கள் வைத்திருந்தார், கிம் ஆறு. கிம்மின் ஆட்டத்தில் ட்ரிப்பிள் லூப் கிடையாது. நடுவர்கள் கூட்டிப் போட்டதில் சோட்னிகோவாவுக்கு 14.11, கிம்முக்கு 12.20. இத்தனைக்கும் சோட்னிகோவா ஒரு காம்பினேஷனின் கடைசித் தாவலில் இரண்டு காலும் ஊன்றி இறங்கினார். கிம் எங்குமே தவறவில்லை.

இந்தக் கணக்கு சொல்வது என்ன? கடினமான ஆட்டத்தை வைத்தவர் சோட்னிகோவா. அழகான ஆட்டத்தை ஆடியவர், என் கண்ணுக்கு, கிம். அந்த விளிம்பின் ஆழம், தாவலுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் வேகம் குறையாத தன்மை, கை முடிகிற இடத்தில் இசையும் முடிகிற நிதானம் எல்லாவற்றிலும் இருவருக்கும் நடுவே வெறும் 0.09தானா வித்தியாசம்? என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. காம்பொனென்ட்டில் சோட்னிகோவாவுக்குத் தாராளமாக வாரிக் கொடுத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

இது விவாதிக்க வேண்டிய விஷயம். சோட்னிகோவாவுக்கு எந்த வாதமும் கிடையாது என்று சொன்னால் அது பொய். ‘கொள்ளை’ என்ற சொல் இந்த விவாதத்தைத்தான் முதலில் கொல்கிறது. கொள்ளை என்று சொன்னபிறகு அடிப்படை மதிப்பை யார் பேசப்போகிறார்கள்?

*

சரி, அந்த மேசையில் அழுக்கே இல்லையா? இருந்தது. நிறையவே இருந்தது.

ஃப்ரீ ஸ்கேட்டுக்கு மதிப்பெண் போட்ட ஒன்பது பேரில் ஒருவர் உக்ரைனைச் சேர்ந்த யூரி பால்கோவ். 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில் ஐஸ் டான்ஸ் போட்டியில் யார் எந்த இடத்தில் வரவேண்டும் என்று தொலைபேசியில் பேசி மாட்டிக்கொண்டு ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டவர். அந்தப் பேச்சைப் பதிவுசெய்து கொடுத்தவர் கனடா நடுவர் ஜீன் செஃப்ட். அவருக்கும் தன் நாட்டவருக்குச் சாய்வாக மதிப்பெண் போட்டதாக ஆறு மாத இடைநீக்கம் கிடைத்தது என்பது இந்தக் கதையின் கிளைக்கதை. சோச்சி மேசையில் இருந்த இன்னொருவர் ரஷ்ய நடுவர் அல்லா ஷெகோவ்ட்சேவா. ரஷ்ய ஸ்கேட்டிங் சம்மேளனத்தை நெடுங்காலம் நடத்திய வலென்டின் பிசேயேவின் மனைவி. போட்டி முடிந்த சிறிது நேரத்தில் அவர் சோட்னிகோவாவைக் கட்டியணைத்த காட்சி கேமராவில் பதிவானது. தென்கொரியா முறைப்படி புகார் கொடுத்தது. சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் அதை 2014 ஜூனில் தள்ளுபடி செய்தது.

இதையெல்லாம் விட மோசமானது ஒன்று உண்டு. அன்று மதிப்பெண்கள் பெயரில்லாமல் வெளியாயின. ஒன்பது பத்திகள் இருக்கும், எந்தப் பத்தி எந்த நடுவருடையது என்று தெரியாதபடி வரிசையைக் கலைத்துவிடுவார்கள். பால்கோவ் எவ்வளவு போட்டார், ஷெகோவ்ட்சேவா எவ்வளவு போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. குற்றத்தை நிரூபிக்கவும் வழியில்லை, நேர்மையாக மதிப்பெண் போட்டவர் தன்னை நிரூபித்துக்கொள்ளவும் வழியில்லை.

இந்தத் திரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

2002, சால்ட் லேக் சிட்டி, ஜோடிப் போட்டி. ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகாருலிட்ஸே ஜோடி 5க்கு 4 என்ற கணக்கில் கனடாவின் சாலே, பெல்டியே ஜோடியைத் தோற்கடித்தது. ரஷ்யா, சீனா, உக்ரைன், போலந்து, பிரான்ஸ் நடுவர்கள் ஒரு பக்கம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஜப்பான் நடுவர்கள் மறுபக்கம். பனிப்போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. நடுவர் மேசையில் மட்டும் அது முடிந்தபாடில்லை. பிரான்ஸ் நடுவர் மரி ரென் லெ கூன்யு, ரஷ்ய ஜோடிக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தன் நாட்டுச் சம்மேளனத் தலைவர் திதியே கையகே அழுத்தம் கொடுத்ததாகச் சொன்னார். பதிலுக்கு ஐஸ் டான்ஸில் பிரெஞ்சு ஜோடிக்கு ஓட்டு. பிறகு அவர் பேச்சை மாற்றினார். இருவருக்கும் மூன்றாண்டுத் தடை விழுந்தது. கனடா ஜோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுத்து ஊரைச் சமாதானப்படுத்தினார்கள்.

அதன்பின் யூனியன் இரண்டு சீர்திருத்தங்கள் செய்தது. பழைய 6.0 முறையைத் தூக்கியெறிந்து, நாம் மேலே பார்த்த புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தது. அது நல்லது. கூடவே நடுவர்களின் பெயரை மறைத்தது. அதற்குச் சொன்ன காரணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாவிட்டால், சொந்தச் சம்மேளனம் நடுவரை மிரட்ட முடியாது அல்லவா? அதாவது, வேட்டைக்காரனிடமிருந்து மானைக் காப்பாற்ற காட்டுக்கே விளக்கை அணைத்துவிட்டார்கள். பெயர் மறைப்பு 2016இல்தான் கைவிடப்பட்டது.

டார்ட்மத் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ் இந்த விவகாரத்தைப் புள்ளிவிவரத்தோடு ஆராய்ந்தவர். பெயரை மறைத்தபிறகு நாட்டுச் சாய்வு குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது என்று கண்டார். அதற்கு முன்பே, 2006இல் வெளியான ஆய்வில், இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருந்தார். ஃபிகர் ஸ்கேட்டிங் நடுவர்களையும் ஸ்கீ ஜம்பிங் நடுவர்களையும் அவர் ஒப்பிட்டார். இரண்டிலும் நடுவர்கள் தம் நாட்டவருக்குக் கூடுதலாகப் போடுகிறார்கள். ஆனால் ஸ்கீ ஜம்பிங்கில், ஒருவர் அப்படிச் சாய்ந்தால் மற்ற நடுவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டுகிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மற்றவர்களும் சேர்ந்து அதே பக்கம் சாய்கிறார்கள். நீ என் ஆளுக்குப் போடு, நான் உன் ஆளுக்குப் போடுகிறேன் என்ற ஏற்பாடு. அதைவிடச் சுவாரசியம், சாய்வு அதிகமுள்ள நடுவருக்கு ஸ்கீ ஜம்பிங்கில் ஒலிம்பிக் வாய்ப்பு குறைகிறது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கூடுகிறது.

ஏன் இப்படி? ஸ்கீ ஜம்பிங் நடுவர்களை மைய அமைப்பு தேர்ந்தெடுக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் நடுவர்களை அனுப்புவது அந்தந்த நாட்டின் சம்மேளனம். தன் பிள்ளைகளுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுக்க வேண்டிய அதே சம்மேளனம். நாட்டுக்காக அனுப்பப்பட்டவர் நாட்டுக்காக மதிப்பெண் போடுகிறார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

விவகாரத்தின் வேர் இங்கே இருக்கிறது. இருபது லட்சம் கையெழுத்தும் இந்த ஒரு விதியை மாற்றச் சொல்லிப் பாய்ந்திருந்தால் நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடம் பதினேழு வயதுச் சோட்னிகோவாவின் சமூக வலைதளப் பக்கம். நடுவர் குழுவை அவள் நியமிக்கவில்லை. பெயர்களை மறைக்கச் சொல்லி விதி எழுதியவளும் அவள் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்ட வேலை ஏழு ட்ரிப்பிள் தாவ வேண்டும் என்பது. அதைத் தாவினாள்.

*

இப்போது கண்ணாடியைத் திருப்பிப் பிடிப்போம்.

2010 வான்கூவர். கிம் 228.56 புள்ளிகளோடு தங்கம் வென்றார், அன்றைய உலகச் சாதனை. ஜப்பானின் மாவோ அசாடா 205.50உடன் வெள்ளி. இருவரும் 1990 செப்டம்பரில் இருபது நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அசாடா அந்தப் போட்டியில் மூன்று ட்ரிப்பிள் ஆக்ஸெல் தாவினார், ஒரே போட்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாதது. மூன்று ஆக்ஸெல் தாவியவளுக்கும் ஒன்றுகூடத் தாவாதவளுக்கும் இருபத்து மூன்று புள்ளி வித்தியாசமா என்று ஜப்பானிய இணையம் கொதித்தது. நடுவர்களைக் கொரியா வாங்கிவிட்டது என்று எழுதினார்கள். நாலு வருடம் கழித்து எந்த வாக்கியத்தைக் கொரிய ரசிகர்கள் ரஷ்யர்களைப் பார்த்துச் சொன்னார்களோ, அதே வாக்கியம், நாட்டின் பெயர் மட்டும் வேறு.

2010 மார்ச் 1 அன்று ஜப்பானின் பெரிய விவாதத் தளமான டூ-சேனலைக் கொரிய இணையவாசிகள் கூட்டமாகத் தாக்கி முடக்கினார்கள். கிம்மைப் பற்றி அங்கே எழுதப்பட்டவை காரணங்களில் ஒன்று. தேதியைக் கவனியுங்கள். 1919இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகக் கொரியா எழுந்த நாள் மார்ச் 1. பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவர் பனித்தரையில் ஆடிய நாலு நிமிட ஆட்டம், முப்பத்தைந்து வருடக் காலனி ஆட்சியின் பழிதீர்ப்பாக மாறிவிட்டது.

இங்கே கொரிய நண்பர்கள் என்னை நிறுத்துவார்கள். ‘நீ வெளியிலிருந்து பேசுகிறாய். எங்களுக்கு அது என்னவாக இருந்தது தெரியுமா?’ கொஞ்சம் தெரியும். கிம்முக்கு முன் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கொரியாவுக்கு ஒரு ஒலிம்பிக் பதக்கமும் கிடையாது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் தங்கள் வீட்டுக் கலையாக வைத்திருந்த ஒன்றுக்குள், பாரம்பரியமும் சம்மேளன பலமும் இல்லாத ஓர் இடத்திலிருந்து ஒரு பெண் நுழைந்து, அந்தக் கலையின் அளவுகோலாகவே ஆகிவிட்டாள். அதில் பெருமைப்படக் கூடாது என்று சொல்ல நான் யார்? காலனியாக இருந்த எந்த நாட்டுக்காரனுக்கும் அந்தப் பெருமை புரியும். நடுவர் மேசையில் தனக்கு ஆள் இல்லை என்கிற பயமும் புரியும். சிறிய சம்மேளனத்திலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு அது வெறும் பயமும் இல்லை. ஓட்டுப் பரிமாற்றம் நடக்கிற சந்தையில் கையில் சரக்கு இல்லாதவன் தோற்பான்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சந்தையை மூடச் சொல்லிக் கேளுங்கள். ‘எங்களுக்கும் அங்கே ஒரு கடை வேண்டும்’ என்று கேட்காதீர்கள். கொள்ளைக் கூச்சலின் அடியில் பல நேரம் கேட்பது இந்த இரண்டாவது கோரிக்கைதான். நம் ஆள் ஜெயித்த அன்று யாரும் மதிப்பெண் தாளைத் திறப்பதில்லை. நம் ஆளுக்குக் காம்பொனென்ட் வாரிக் கொடுத்த அன்று மனு எழுதுவதில்லை. தோற்ற அன்று மட்டும் விழித்துக்கொள்ளும் நியாய உணர்வுக்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியுமா?

*

பெருமை அன்பின் ஒரு வடிவம்தானே, அதிலென்ன தீங்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்த அன்பு ஆட்டக்காரர்களை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

சோச்சியில் அசாடா ஷார்ட் ப்ரோகிராமில் தடுமாறி 16ஆம் இடத்துக்குப் போனார். அடுத்த நாள் ஜப்பானின் முன்னாள் பிரதமர், டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் யோஷிரோ மோரி, முக்கியமான நேரத்தில் அந்தப் பெண் எப்போதும் விழுந்துவிடுவாள் என்று மேடையில் பேசினார். நாலு வருடமாக நாட்டின் செல்லப்பிள்ளை. ஒரே இரவில் ‘அந்தப் பெண்’. அதன்பின் அசாடா ஃப்ரீ ஸ்கேட்டில் 142.71 எடுத்தார், அவர் வாழ்நாளின் சிறந்த ஆட்டங்களில் ஒன்று.

2022 பெய்ஜிங். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, குடியுரிமை மாற்றிக்கொண்டு சீனாவுக்கு ஆடிய சூ யீ, குழுப் போட்டியில் விழுந்தார். சில மணி நேரத்தில் ‘சூ யீ விழுந்தாள்’ என்ற ஹேஷ்டேக் வெய்போவில் கோடிக்கணக்கான பார்வைகளைத் தொட்டது. சீன மொழி சரியாக வராது, யாருடைய சிபாரிசில் வந்தாள் என்றெல்லாம் குதறினார்கள். அதே ஒலிம்பிக்ஸில், அதேபோல் அமெரிக்காவில் பிறந்து சீனாவுக்காகப் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற ஐலீன் கூ தேவதையாகக் கொண்டாடப்பட்டார். சீனாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகன் நேதன் சென் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்றபோது அவருக்குத் துரோகிப் பட்டம். ஜெயித்தால் நம்ம ரத்தம், தோற்றால் வந்தேறி, மற்றவனுக்காக ஜெயித்தால் துரோகி. இந்த அகராதியில் ஆட்டக்காரருக்கென்று ஒரு சொல்லாவது இருக்கிறதா?

இதைச் சீனர்களின் குணம் என்று யாரும் சுருக்கிவிட வேண்டாம். 1998இல் டாரா லிபின்ஸ்கி மிஷெல் குவானைத் தோற்கடித்தபோது, ஓர் அமெரிக்கச் செய்தித் தளம் ‘அமெரிக்கர் குவானை வென்றார்’ என்ற பொருளில் தலைப்புப் போட்டது. குவான் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அமெரிக்காவுக்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

இவை எல்லாவற்றின் உச்சம் கமிலா வலியேவா. பதினைந்து வயது. 2021 டிசம்பர் 25 அன்று எடுத்த மாதிரியில் ட்ரைமெட்டாஸிடின் என்ற இதய மருந்து இருந்தது பெய்ஜிங்கில் குழுப் போட்டி முடிந்தபிறகு தெரியவந்தது. தனிநபர் போட்டியில் ஆட அனுமதித்தார்கள். உலகமே உற்றுப் பார்க்க, அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப விழுந்து நாலாம் இடத்துக்குப் போனது. ரிங்கை விட்டு வெளியே வந்ததும் பயிற்சியாளர் எதேரி டுட்பெரிட்ஸே, ஏன் போராடுவதை விட்டுவிட்டாய் என்று கேமரா முன்னாலேயே கேட்டார். இரண்டு வருடம் கழித்து, 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவருக்கு நாலாண்டுத் தடை விதித்தது. கிரெம்ளின் அதை அரசியல் முடிவு என்றது. அமெரிக்க, ஜப்பான் அணியினருக்கு உரிய பதக்கங்கள் 2024 ஆகஸ்டில், பாரிஸ் கோடை ஒலிம்பிக்ஸின் நடுவில்தான் கைக்கு வந்தன. ரஷ்யாவின் மானம் பேசப்பட்டது, அமெரிக்காவின் நியாயம் பேசப்பட்டது. பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்புக்குள் அந்த மருந்து எப்படிப் போனது, அதற்குப் பொறுப்பான பெரியவர்கள் யார் என்ற கேள்வி இந்த இரண்டு சத்தத்துக்கும் அடியில் நசுங்கிப் போனது. தடை விழுந்தது பிள்ளைக்கு.

*

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் உண்டு. ‘நாடு, புள்ளி, பதக்கம் எல்லாம் அற்பம், ஸ்கேட்டிங் ஒரு கலை, ரசித்துவிட்டுப் போங்கள்’ என்பார்கள். இலக்கிய வாசகர்களுக்கு இந்த வரி பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. பனித்தரைக்கும் பயிற்சியாளருக்கும் உடைக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். சம்மேளனத்தின் துணை இல்லாமல் இதில் மேலே வருவது மிக அரிது. ஒலிம்பிக்ஸில் தனி ஆளாகப் பெயர் கொடுத்து ஆட வழியும் கிடையாது. கொடியை மறந்துவிடுங்கள் என்று சோபாவில் உட்கார்ந்திருக்கும் நாம் சொல்லலாம், ஆடுகிறவர் சொல்ல முடியாது. புள்ளியும் அற்பம் இல்லை. ‘இதைச் செய்தால் இவ்வளவு’ என்று ஆட்டக்காரருக்கு அமைப்பு எழுதிக் கொடுத்திருக்கும் ஒரே ஒப்பந்தம் அதுதான். அதைக் கலையின் பெயரால் அலட்சியப்படுத்தினால் மிஞ்சுவது செல்வாக்கு மட்டும்.

கொடி நடுவிலிருந்து விலகினால் விவாதம் எப்படி நடக்கும் என்பதற்கு நம்மிடம் ஓர் உதாரணமே இருக்கிறது. 2018 பியோங்சாங்கில் அலினா ஸாகிட்டோவா 239.57, யெவ்கெனியா மெத்வதேவா 238.26. இருவரும் ரஷ்யர்கள், ஒரே பயிற்சியாளரின் மாணவிகள். ஃப்ரீ ஸ்கேட்டில் இருவருக்கும் அச்சாக 156.65. சண்டை குறைவாகவா நடந்தது? ரசிகர்கள் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் எந்த நாடு யாரை வாங்கியது என்று பேச வழியில்லாததால், பேச்சு விதியை நோக்கிப் போனது. ஆட்டத்தின் பின்பாதியில் தாவினால் பத்து சதவீதம் கூடுதல் புள்ளி என்பது அன்றைய விதி. ஸாகிட்டோவா ஃப்ரீ ஸ்கேட்டின் எல்லாத் தாவல்களையும் பின்பாதிக்குத் தள்ளியிருந்தார். சட்டப்படி சரி. ஆட்டத்தின் முன்பாதி காலியாகிவிடுகிறதே, இது சரியா? இது ஒரு நல்ல கேள்வி. அந்த வருடமே விதி மாறியது. ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டுமே கூடுதல் புள்ளி என்று ஆனது. யாருடைய பதக்கத்தையும் பிடுங்கவில்லை, யாரையும் திருடி என்று சொல்லவில்லை, விளையாட்டு கொஞ்சம் மேம்பட்டது.

ஸ்கேட்டிங் ரசிகர்களைப் போலக் கண் கூர்மையான ரசிகர்கள் குறைவு. எதிராளியின் தாவலை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, கால் பிளேடு கால் சுற்று குறைவாக இறங்கியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டத் தெரிந்தவர்கள். பல சமயம் தொழில்நுட்பக் குழுவைவிடத் துல்லியமாகப் பார்ப்பார்கள். அந்தக் கண் தன் ஆளின் தாவலுக்கு வரும்போது மட்டும் ஏன் மங்குகிறது? அதே வீடியோவை அதே வேகத்தில் நிறுத்தத் தெரியாதா உங்களுக்கு?

நான் கேட்பது மூன்று விஷயம். நடுவர்களைச் சம்மேளனங்கள் அனுப்பும் முறை ஒழிய வேண்டும். யூனியனே தேர்ந்தெடுத்து, யூனியனே சம்பளம் கொடுக்கட்டும். ஒவ்வொரு நடுவரும் தன் நாட்டவருக்கு இதுவரை எவ்வளவு கூட்டிப் போட்டிருக்கிறார் என்ற கணக்கைப் போட்டிக்கு முன்பே யூனியன் வெளியிடட்டும். பெயர்கள் இப்போது வெளியாவதால் அந்தக் கணக்கைப் போடுவது பெரிய வேலை இல்லை. விதி மீறி இடைநீக்கம் ஆனவர் மறுபடி ஒலிம்பிக் மேசையில் உட்காரக் கூடாது. இந்த மூன்றுக்கும் எந்த நாட்டுக் கொடியும் தேவையில்லை. கொரியரும் ரஷ்யரும் ஜப்பானியரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடலாம்.

அடுத்த முறை உங்கள் ஆள் இரண்டு காலும் ஊன்றி இறங்கி, அதற்கும் நடுவர்கள் தாராளம் காட்டி, அரைப் புள்ளியில் தங்கம் கிடைக்கும். கட்டாயம் கிடைக்கும், இந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒருநாள் அது கிடைக்கிறது. அன்றைக்கு மதிப்பெண் தாளைத் திறந்து, இது அதிகம் என்று முதல் ஆளாக எழுதுங்கள். நீங்கள் நியாயம் கேட்கிறீர்களா, நடுவர் மேசையில் ஒரு நாற்காலி கேட்கிறீர்களா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.